நாலாம் கிரேட்டும் இக்னேசியசும்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
5.10.1996

அன்பும் மரியாதையும் நிறைந்த நீக்கிலாஸ் அத்தானுக்கு,

மடுமாதாவின் துணையால் நீங்களும் அக்காவும் கொழும்பில் நலமாயிருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே மக்டலீனும் மகள் றஜிதாவும் நலம். வயிற்றெரிச்சலை நோய் வருத்தத்தில் சேர்க்காவிட்டால் நானும் நலம்.

எரிச்சலுக்குக் காரணம் நம்முடைய ஊர்காவற்றுறை இக்னேசியஸ்தான். போன வருடம் நான் இங்குள்ள ஸ்கொட்லாந்துக்காரரின் பைப் பாண்டில், அந்தத் தோல்பைக் குழல் ஊதும் வாத்தியக் குழுவில், ட்ரம் அடிக்கச் சேர்ந்தேன் அல்லவா? மூன்றாம் கிழமையே அவனும் வந்துவிட்டான். நான் கார் வாங்கினால் அவனும் வாங்குவான், நான் மீசையை எடுத்தால் அவனும் எடுப்பான். கில்ற் என்கிற அந்தக் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடையிலாவது என்னைத் தனியே விட்டிருக்கலாம். அதுவும் அவனுக்குத்தான் பொருந்துகிறது. அவன் முழங்கால் தெரிய நடந்தால் வெள்ளைக்காரக் கிழவிகள் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது இடுப்பில் நிற்பதே இல்லை, வயிற்றை எக்கிக்கொண்டே ட்ரம் அடிக்கிறேன். கோடைப் போட்டியில் நாங்கள் வட்டமாக நின்று வாசிக்க, நடுவர் சுற்றி வந்து குறிப்பெடுத்தார். என் பின்னால் ஒரு நொடி. அவன் பின்னால் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மக்டலீனிடம் சொன்னேன். “பிழை பிடிக்க நிண்டிருப்பார், விடுங்கோவன்” என்றாள். பிழை பிடிக்கக்கூட அவனிட்டத்தான் போகவேணுமோ?

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பாண்டில் இரண்டு பிரிவு: நாலாம் கிரேட், ஐந்தாம் கிரேட். நாங்கள் இருவரும் ஐந்தில். நேற்றுப் பயிற்சி முடிய, பாண்டின் தலைவரான பைப் மேஜர் என் தோளில் கை போட்டு, நாலாம் கிரேட்டில் ஒரு ட்ரம்காரனுக்கு இடமிருக்கிறது, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன் என்றார். அத்தான், எனக்குக் கண் இருட்டிவிட்டது. கோடை முழுக்க மாடாய் உழைத்தவனை ஒரு வகுப்புக் கீழே இறக்குவதா? இக்னேசியஸ் ஐந்தில் இருக்க நான் போய் நாலில் குந்துவதா? ஊரில் ஒரு வாத்தியாரும் என்னை வகுப்பு இறக்கவில்லையே! ஆனாலும் கோபத்தை அடக்கிக்கொண்டு, “நோ சேர். ஐ ஸ்ரே ஹியர். ரேக் இக்னேசியஸ்” என்று அவனைக் காட்டிவிட்டேன். மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கண்ணும் கலங்கியிருந்தது. செய்யவிருந்த அநியாயம் உறைத்திருக்கும். அவர் போய்ச் சொன்னதும் இக்னேசியஸ் ஓடி வந்து கட்டிப்பிடித்து, “அண்ணை, இதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்” என்று அழுதான். வகுப்பு இறங்கினதுக்கு இவ்வளவு சந்தோசமா? பாவம், மரமண்டை. வரும் வழியில் கேக் வாங்கி வந்து மூன்று துண்டு சாப்பிட்டேன். கனடா வந்த நாள்முதல் இப்போதுதான் அவனுக்கு மேலே நிற்கிறேன். அக்காவுக்குச் சொல்லுங்கோ, ஊர்ச்சனத்துக்குச் சொல்லுங்கோ, வெள்ளவத்தையில் இருக்கிற அவன்ரை தமையனுக்கு முதல் சொல்லுங்கோ.

மாதா உங்கள் எல்லோரையும் காத்து, சின்னவனுக்குச் சோதினையில் நல்ல பெறுபேறு தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
அமிர்தநாதர்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் றஜிதா எடுத்து வாசித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அப்பா, பைப் பாண்டில ஃபைவ்தான் லோவெஸ்ற். ஃபோர் அதுக்கு மேல. வன்தான் ரொப்!” என்கிறாள். ஆகவே ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம், தமையனுக்குச் சொல்லவே வேண்டாம். இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, கோயில் வாசலில் இக்னேசியஸ் எல்லோரையும் கூப்பிட்டு, “தனக்குக் கிடைச்ச இடத்தை எனக்குத் தந்த மனுசன் இவர்தான்” என்று என்னைக் காட்டினான். சுவாமியார்கூட வந்து கை தந்தார். நல்லவன் என்று பெயர் எடுத்துவிட்டேன், அத்தான். இனி நிம்மதியாகப் பொறாமைப்படவும் வழியில்லை.