பாய் கொண்டுவந்த நாலு குதிரைகள்

கூத்தாநல்லூர் குதிரை பாயைப் போல அறிவியலுக்கு உதவியவரும் இல்லை, அதைக் குழப்பியவரும் இல்லை.

குதிரை உடம்பில் நரம்பை வளர்க்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணு குதிரைக்குக் குதிரை எப்படி மாறுகிறது என்பது என் ஆராய்ச்சி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நடவு வயலில், "எம்மவன் குதிரைக்கு நரம்புத் தளர்ச்சி பாக்குறான்" என்று அறிவித்துவிட்டார். நெல் விளைகிற சீமையில் குதிரைக்கு எங்கே போவது? மரபணு சோதனைக்குப் பல குதிரைகளின் பிடரி முடி சித்திரைக்குள் வேரோடு வராவிட்டால் பட்டம் இல்லை என்று பேராசிரியர் கெடு வைத்தார்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற பாயிடம் போய் நின்றேன்.

"கவலைய விடுங்க டாக்டர் தம்பி. வெள்ளிக்கு ஒண்ணா இங்க வரும்."

வந்தது. முதல் வாரம் வெள்ளைக் குதிரை. அடுத்து, கால் சிவந்த குதிரை. பிறகு புள்ளிக் குதிரை. நாலாவது, உடம்பெல்லாம் செம்பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி உறை போட்டு வயது, குணம் எல்லாம் எழுதினேன். "நாலாவது குதிரை என்னிடம் உடனே ஒட்டிக்கொண்டது" என்று பெருமையாக வேறு குறித்துவைத்தேன்.

சோதனை முடிவைப் பார்த்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலும் ஒரே குதிரைப்பா. நீ நேர்ல போயி பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"அதான் கவலையா இருக்கு."

கோபமாகப் போனேன். பாய் வாளியில் மருதாணி குழைத்துக்கொண்டிருந்தார், ஐந்தாவது குதிரைக்கு.

"ஏன் பாய் இப்படிப் பண்ணீங்க?"

"முடியக் குடுத்தா சூனியம் வச்சிருவாங்கன்னு ஒரு குதிரைக்காரனும் தரமாட்டேங்குறான் தம்பி. ஒங்க படிப்பு நின்னுடக் கூடாதுல்ல?"

"ஒரே குதிரைன்னாதான் பாய் நின்னுரும்!" என் குரல் உடைந்துவிட்டது.

பாய் வாளியைக் கீழே வைத்தார். மறுநாளே என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அதிராம்பட்டினம், வேளாங்கண்ணி என்று குதிரை நிற்கிற வாசல்களுக்கெல்லாம் போனார். ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தார்.

"ஒங்க குதிரை முடி இவருகிட்ட. எம் முடி ஒங்ககிட்ட. குதிரைக்கு ஏதாச்சும் ஆனா எனக்கு வைங்க சூனியத்த."

பாய் தலையில் இருந்ததே முப்பது முடிதான். அதில் பதினொன்று போயிற்று. வேளாங்கண்ணிக்காரர் விவரமானவர், இரண்டாகப் பிடுங்கிக்கொண்டார்.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. பிரியாணி சாப்பிடும் சாக்கில் பெருநாளுக்குப் பெருநாள் போகிறேன். பாய் தொப்பியைக் கழற்றும் நேரம் பார்த்து, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் முளைக்கவில்லை.