பென்சிலில் எழுதிய பதினாலு பேர்

"நூறு கதிரைக்கு நூற்றிப்பதினாலு பேரை எழுதி வைச்சிருக்கிறீர். மிச்சப் பதினாலு பேரும் ஆரின்ரை மடியிலை இருக்கிறது?"

காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டார் யாகப்பு. பென்சன் எடுத்த தபாலதிபர். மகளின் கலியாணத்துக்கு வருகிறவர்கள் உட்காரக் கோயிலின் பங்குச் சுவாமியார் தரச் சம்மதித்தது நூறு கதிரை. சண்டைக் காலத்தில் அதுவே பெரிது. அவர் நூறு பேரை ஒரு கொப்பியில் மையால் எழுதி, கிடைத்தற்கரிய மைப்போத்தலை அலுமாரிக்குள் பூட்டியிருந்தார். பெண்சாதி பெர்னடெட், லூர்த்தம்மா தொடங்கித் தன் கன்னியர்மடத்துச் சிநேகிதிகள் பதினாலு பேரைப் பென்சிலால் செருகிவிட்டாள்.

"அவையளை விடேலாது."

"அப்ப ஆரை விடுறது? தாயில்லாத என்னை வளர்த்த அக்காவையோ? செபஸ்தியம்மா அக்கா முன்வரிசையிலை இருக்கோணும்."

"ஆர் இல்லையெண்டது?"

யாகப்பு முடிவெடுத்துவிட்டார். மைப்போத்தலை வெளியே எடுத்து அவள் முன்னால் வைத்தார். "கொப்பி முழுக்கக் கிறுக்கல். புதுசா வடிவா எழுதும். பழைய பேர் மையாலை, நீர் செருகினது பென்சிலாலை. எனக்கு அழிக்கச் சுகம்."

"ஓம்," என்றாள் பெர்னடெட்.

இருபத்தாறு வருடத்தில் அவள் மறுபேச்சின்றி ஓம் சொன்னது தங்கள் கலியாணத்தன்று பீடத்துக்கு முன்னால் மட்டும்தான். அவர் அப்போதே உசாராகியிருக்க வேண்டும்.

பின்னேரம் புதுக்கொப்பி வந்தது.

"வாசிச்சுப்போட்டு அழியுங்கோ."

"வாசிச்சால் மனம் இளகும்," என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எது மை, எது பென்சில் என்று தெரிந்தால் போதாதா? பதினாலு வரியையும் தாள் கிழியாத குறையாகத் தேய்த்தார். அடியில் கையெழுத்து, திகதி.

"இனி இதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது. நானே கேட்டாலும் விடாதையும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப செபஸ்தியம்மா மச்சாளுக்கு நீங்களே சொல்லிப்போடுங்கோ."

"என்னத்தை?"

"கதிரை இல்லையெண்டு. மச்சாளையும் உங்கடை பகுதியிலை இன்னும் பதின்மூண்டு பேரையும் இப்ப நீங்கள்தானே அழிச்சனீங்கள்."

யாகப்பு கண்ணாடியைத் தேடிப் போட்டார். முதல் வரியில், மையால், கன்னியர்மடத்து வடிவான எழுத்தில் லூர்த்தம்மா குந்தியிருந்தாள்.

பெர்னடெட் குசினிக்குள் போய்விட்டாள். தேங்காய் திருவுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

"பெர்னடெட், அந்தப் பழைய கொப்பியை ஒருக்காத் தாருமன்."