பேக்லைட் போன அன்று பெண் பார்த்தார்கள்

அந்தமானில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து விருந்தாளி வந்தால், அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவரைப் பற்றி ஹிந்தியில் பேசிக்கொள்வோம். மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கியது முதல் சட்டைக் காலர் அழுக்கு வரை சகலமும் அலசப்படும். அவர் பாவம், சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். எங்கள் வீட்டில் இந்தத் துறையில் நான்தான் பெரிய கை. அந்தக் கை உடைந்த கதை இது.

சென்னையில் வேலை பார்த்த என் மகளுக்கு, தன்னோடு வேலை செய்யும் பையனைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் மதுரை, நாங்கள் மாயாபந்தர். பெண் பார்க்க வருவதென்றால் கடல் தாண்டி போர்ட் பிளேருக்கு வந்து, அதன் பிறகு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்க வேண்டும். ஆகவே முதல் சந்திப்பை லேப்டாப்பில் வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. லீவில் வந்திருந்த மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பா, அவங்க அப்பாதான் யோசிக்கிறாராம். தீவுல இருக்கிற குடும்பம், யார்கிட்டப் போய் விசாரிக்கிறதுன்னு. அவர் வேண்டாம்னுட்டா அவன் மீற மாட்டான். இன்னிக்கு ஒரு நாள் ஜோக் அடிக்காதீங்கப்பா."

"அடிக்கல," என்றேன். சத்தியமாக, அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

என் லேப்டாப்பின் திரை கொஞ்ச காலமாகவே மூடியை அசைத்தால் கண் சிமிட்டும். பின்னால் அரிசி டப்பாவை முட்டுக்கொடுத்துச் சமாளித்து வந்தேன். அன்றும் அதே ஏற்பாடு. திரையில் பையன், அவன் அம்மா, அத்தை, நடுவில் அப்பா. அப்பாவுக்குக் கருகருவென்று மீசை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, அரை மணி நேரம் நான் கண்ணியத்தின் சிகரமாக வீற்றிருந்தேன். அவர் மீசையை ஒரு முறை நீவிக்கொண்டு, "சரி, பொண்ணை வரச் சொல்லுங்க," என்றார்.

திரை ஒரு சிமிட்டு சிமிட்டி இருண்டது.

மேல் வரிசையில் சூரியன் படம் போட்ட பொத்தான் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கினேன். வெளிச்சம் வரவில்லை, இருந்த சத்தமும் நின்றது. (அதில் ஒன்று ஸ்பீக்கரை ஊமையாக்கும் பொத்தானாம். என்னை ஊமையாக்க ஒரு பொத்தான் இருந்திருக்கக் கூடாதா?)

"நெட் போச்சு," என்று அறிவித்தேன். எங்கள் ஊரில் எது இருண்டாலும் நெட் போச்சுதான்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க. லைன்ல இருக்கப் போறாங்க."

"இருட்டா இருக்கே. உனக்குச் சந்தேகம்னா ஹிந்தியில பேசுறேன்," என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஓட்டைப் பனியனோடு ஆரம்பித்தேன். "ஆத்மி டீக் ஹை. மகர் மூச் தேக்கா? பூரா பூட் பாலிஷ்."

ஆள் பரவாயில்லை, மீசைதான் முழுக்க பூட் பாலிஷ் என்று அர்த்தம். மனைவி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். ஒருத்தர் சிரித்துவிட்டால் எனக்கு பிரேக் பிடிக்காது. ஒரு டப்பா போதுமா, ரெண்டு டப்பா ஆகுமா என்று அதே ஹிந்தியில் கணக்குப் போட்டேன். இல்லாத மீசையை நீவி, அவர் குரலிலேயே "பொண்ணை வரச் சொல்லுங்க" என்று நடித்தும் காட்டினேன். (அன்று காலை என் தலைக்கு நானே டை அடித்திருந்தேன் என்பதை மறைப்பது தர்மமல்ல.)

அப்புறம்தான் பயம் வந்தது. நாமே லைனை வெட்டிவிட்டோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால்? வியர்த்துக் கொட்ட, போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அத்தான், ஃபேன் சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப மிஷின் ஓடுது. பேக்லைட் போயிருக்கும்."

"டேய், நான் லேப்டாப்பைச் சொல்றேன், ஸ்கூட்டரை இல்ல."

"அரே, ஸ்க்ரீனுக்குப் பின்னாடியும் லைட் உண்டு. அது போனா படம் இருக்கும், ஆனா தெரியாது. டார்ச் அடிச்சுப் பாருங்க."

நான் மேசைக்குப் பின்பக்கம் போய், அரிசி டப்பாவை நகர்த்தி, மூடியின் முதுகில் டார்ச் அடித்தேன். "ஒண்ணும் தெரியலடா."

"முன்னாடி அடிங்க அத்தான். சாய்ச்சு."

மண்டியிட்டு, கன்னத்தோடு டார்ச்சை வைத்து, மூக்கு திரையில் முட்டும்படி குனிந்தேன். தண்ணீருக்கடியில் தெரிவதுபோல மங்கலாக நான்கு முகங்கள். "தெரியுதுடா," என்று சந்தோஷமாகக் கத்திவிட்டேன். அதன் பிறகுதான் அந்த முகங்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தேன். அத்தை வாயைப் பொத்தியிருந்தார். பையன் தலையைக் கவிழ்த்திருந்தான். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையிலிருந்து மகள் போனோடு ஓடி வந்தாள். "எல்லாம் கேக்குதாம்பா. ஆரம்பத்துலேர்ந்து." ஒரு பொத்தானை அமுக்கினாள். சத்தம் வந்தது.

"பாயி சாப், டார்ச் தோடா நீச்சே கீஜியே. நாக் கே பால் தக் திக் ரஹே ஹை."

டார்ச்சைக் கொஞ்சம் இறக்குங்கள், மூக்கு முடி வரை தெரிகிறது என்கிறார் பையனின் அப்பா. என்ன சுத்தமான ஹிந்தி! நாங்கள் பேசுவது சந்தை ஹிந்தி. அவர் பட்டாளத்தில் இருந்து வடக்கெல்லாம் சுற்றியவர்.

மகள் என்னைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் புதுப் பொட்டு, கண்ணில் தண்ணீர். ஜோக்கடித்து வளர்ந்த உடம்பு எனக்கு. அந்த முகத்துக்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

அவர் தமிழுக்கு மாறினார். "உங்க குடும்பத்தை விசாரிக்கக் கப்பலேறி வரணுமேன்னு இருந்தேன். இனி வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தினார். என் உயிர் அந்த இடைவெளியில் போய் வந்தது. "ஒளிக்க ஒண்ணும் பாக்கி வைக்கல நீங்க. பொண்ணை வரச் சொல்லுங்க."

மகள் இருண்ட திரைக்கு முன் உட்கார்ந்து பேசினாள். அவளுக்கு அவர்கள் முகம் தெரிய வேண்டுமே என்று, பேச்சு முடியும்வரை நான் பனியனோடு மண்டியிட்டு டார்ச் பிடித்திருந்தேன். எழுந்திருக்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல்யாணம் மதுரையில் நடந்தது. சம்பந்தி மண்டபத்துக்கு முழுவதும் நரைத்த மீசையோடு வந்தார். என் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதற்கு அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

ஆல்பத்தில் நாங்கள் இருவரும் ஜோடியாக இருக்கிறோம்: வெள்ளை மீசையும், அதன் அருகில் மின்னும் என் கருந்தலையும். பார்க்கிறவர்கள் எல்லாம், "சம்பந்தியைவிட உங்க வீட்டுக்காரர் வயசுல ரொம்ப சின்னவரோ?" என்று கேட்கிறார்கள்.

"இல்லங்க," என்கிறாள் என் மனைவி. "அது ரெண்டு டப்பா."