சிங்க்குக்கு அடியில் சீஃப் என்ஜினியர்

மனித குலத்தில் 'ஆளைக் கூப்பிடாதவர்' என்று ஒரு வகை உண்டு. வீட்டில் எது பழுதானாலும், அதைச் சரிசெய்யவென்றே ஊரில் ஒருவர் கடை வைத்திருக்கிறார், கூப்பிட்டால் பைக்கில் வந்து இறங்கிவிடுவார் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும், "எதுக்கு ஆளு? நான் பாக்கேன்" என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறவர். மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்ஸி, கேஸ் அடுப்பு எதுவும் இவருக்கு விலக்கல்ல. இவர் கைபட்டுப் பிழைத்த பொருள்களும் உண்டு, இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் சும்மா விட்டிருந்தாலும் அவை பிழைத்திருக்கும் என்பது வீட்டாரின் கட்சி.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பழுதான பொருளை நோக்கி நடக்கும்போது மற்றவர்கள் முகத்தில் கவலை இருக்கும். இவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். முதலில் பொருளைத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். அதைச் செய்த கம்பெனிக்காரனின் புத்தியை நினைத்து வருந்துவார். அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். டார்ச் பிடிக்க ஒருவர் வேண்டுமல்லவா? அது எப்போதும் மனைவி. அவர் எங்கே வெளிச்சம் காட்டினாலும் அது தப்பான இடம்.

தூத்துக்குடியில் இந்த வகை சற்று அதிகம். குற்றம் துறைமுகத்தின் மேல்தான். கப்பலில் போனவர்கள் நடுக்கடலில் ஆளைக் கூப்பிட முடியாது, அது நியாயம். கரைக்கு வந்த பிறகும் வீட்டை ஒரு கப்பலாகவும் தெருவை ஒரு கடலாகவும் நினைத்துக்கொண்டிருந்தால் யார் என்ன செய்வது?

டெரன்ஸ் கப்பலில் மூன்றாவது என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிய நிமிடமே தன்னைச் சீஃப் என்ஜினியராக உயர்த்திக்கொண்டார். அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பெரியதாழை போயிருந்த சமயம் பார்த்து மகன் ஜாக்சன் வீட்டில் ஒரு காரியம் செய்தான். சமையலறைச் சிங்க்குக்கு அடியில் கழிவை அரைத்துத் தண்ணீரோடு தள்ளிவிடும் மெஷின் ஒன்றை, ரிப்பேர் கடை ராஜதுரையைக் கொண்டு மாட்டி முடித்துவிட்டான். திரும்பி வந்த டெரன்ஸ் மெஷினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தான் இல்லாமல் மாட்டிவிட்டார்களே என்று அதைவிட அதிகமாக வருத்தப்பட்டார். அவர் மனைவி விஜிலாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. மீன் தலையைத் தின்னத்தான் பூனைகள் இருக்கின்றனவே என்றார். சீலா மீன் அறுத்த பிறகும் வீடு நாறாமல் இருப்பதைக் கண்டதும் மனம் மாறிவிட்டார். பூனைகள்தான் கடைசிவரை மாறவில்லை.

ஒரு வியாழக்கிழமை மெஷின் நின்றது. டெரன்ஸ்தான் நண்டு ஓடுகளையெல்லாம் அள்ளி உள்ளே தள்ளியிருந்தார். வேண்டாம் என்று விஜிலா தடுத்தபோது, கப்பலில் இதன் அண்ணன் மாட்டெலும்பையே மாவாக்கும் என்று விளக்கியும் இருந்தார். இந்தத் தம்பி ஒருமுறை உறுமியது. அவ்வளவுதான்.

வேறு நாளாக இருந்தால் விஜிலா பேசாமல் இருந்திருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கீழவைப்பாரிலிருந்து ஜாக்சனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார் வருகிறார்கள். ஜாக்சனுக்கு முன்னந்தலையில் லேசாக வழுக்கை ஏறத் தொடங்கியிருந்தது. பார்த்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் நழுவிப் போயின. இந்தப் பெண் ஆக்னஸ், வங்கியில் வேலை, போட்டோவைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று ஜாக்சனே சொன்னான். அவன் இதற்குமுன் எதையும் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் விஜிலா இந்தச் சம்பந்தத்தைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார்.

"வாரவங்க குசினிக்குள்ள எட்டிப் பாக்காமலா போவாங்க? ராஜதுரைக்கு ஒரு போன் போடட்டுமா?" என்றார்.

"ஏளா, நடுக்கடல்ல மெயின் என்ஜின் நின்னப்போ எந்த ராஜதுரை வந்தான்?" என்றார் டெரன்ஸ்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மெஷின் பல துண்டுகளாக ஹாலில் செய்தித்தாள் மேல் கிடந்தது. விஜிலா பாத்திரங்களைக் கொல்லைக் குழாயில் கழுவினார். கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதே போன்ற மெஷினைப் பிரித்துக் காட்ட, அவர் செய்வது தப்பு என்று டெரன்ஸ் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் பழியெல்லாம் உப்புக் காற்றின் மேல் போயிற்று. நண்டின் பெயரை யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மெஷினைத் திரும்ப மாட்டி, ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். ஓடத்தான் செய்தது. லாஞ்சுப் படகு புறப்படுகிற மாதிரி சத்தம். இத்தனை சத்தம் முன்பு இல்லையே என்றார் விஜிலா. முன்பு சரியாக ஓடவில்லை என்று அர்த்தம் என்றார் டெரன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் வீட்டார் ஆக்னஸையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆக்னஸின் அப்பா ரோச் இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர், அதிகம் பேசாதவர். மக்ரூன் பரிமாறியாயிற்று, மதியச் சாப்பாடு முடிந்தது, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆக்னஸின் அம்மா மரியாதைக்காகத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். டெரன்ஸ் பின்னாலேயே வந்தார். மீன் முள்ளைப் போட எங்கேயும் போக வேண்டாம், இதோ பாருங்கள் என்று சிங்க்கில் தள்ளி ஸ்விட்சைத் தட்டினார்.

மெஷின் ஒரு குதி குதித்தது. பிடி கழன்று தரையில் விழுந்தது. அரைத்தது, அரைக்காதது, அழுக்குத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து பீறிட்டு, அந்த அம்மாளின் பட்டுச் சேலையை முழங்கால்வரை நனைத்தது.

விஜிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு துண்டை எடுத்துக் குனிந்து அந்த அம்மாளின் சேலையைத் துடைக்கத் தொடங்கினார். இந்த இடமும் போயிற்று என்றே நினைத்தார். ஜாக்சன் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெரன்ஸின் வாய்க்கு, அவர் வாழ்க்கையில் முதன்முறையாக, பழி போட ஒரு கம்பெனிக்காரன் கூட அகப்படவில்லை.

அப்போது ரோச் உள்ளே வந்தார். தண்ணீரைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். முகத்தில் ஒரு பூரிப்பு. கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார்.

"ஆளைக் கூப்பிட்டுராதீங்க. நான் பாக்கேன்."

அடுத்த நொடி நான்கு கால்கள் மட்டும் சிங்க்குக்கு வெளியே தெரிந்தன. "சம்பந்தி, அந்த ஸ்பேனரை இங்கன தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. "பாத்து சம்பந்தி, தலை இடிக்கும்" என்று இன்னொன்று. இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று இரண்டு வீட்டாரும் இன்னும் ஒருவரையொருவர் கேட்டிருக்கவில்லை.

ஆக்னஸின் அம்மா நனைந்த சேலையோடு நின்றபடியே, யாரும் சொல்லாமல், கைபேசியை எடுத்து டார்ச்சைப் போட்டுச் சிங்க்குக்கு அடியில் நீட்டினார். எங்கே காட்டுகிறாய் என்று உள்ளேயிருந்து ரோச்சின் குரல் சலித்துக்கொண்டது. விஜிலா துடைப்பதை நிறுத்தி நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் விஜிலாவைப் பார்த்தார்.

"எங்க வீட்டு வாஷிங் மெஷின் மாடியில கெடக்கு," என்றார் அவர். "பாதி மாடியில, பாதி படகுல."

விஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல், வெகுநேரம் சிரித்தார்கள்.

ஆக்னஸ் சிரிக்கவில்லை. அவள் அந்த நான்கு கால்களையும் உற்றுப் பார்த்தாள். தன் அப்பாவுக்காகப் பாதி வாழ்நாள் டார்ச் பிடித்த கை அவளுடையது. ஜாக்சனிடம் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"வீட்டுல ஒண்ணு ரிப்பேரானா நீங்க என்ன செய்வீங்க?"

ஜாக்சன் சிங்க் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"ராஜதுரை அண்ணாச்சிக்கு போன் போடுவேன்."

"இப்பவே போடுங்க," என்றாள் ஆக்னஸ்.

அதுதான் சம்மதம்.

ராஜதுரை ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்தார். இதை இனிச் சரிசெய்ய முடியாது, புதிது மாட்ட வேண்டும், யாரோ இதற்காக ரொம்பப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவர் மாட்டும்போது டெரன்ஸ் ஒரு பக்கமும் ரோச் மறுபக்கமும் நின்று யோசனை சொன்னார்கள். இரண்டு யோசனைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கடைசியில் ஜாக்சன் இருவரையும் கப்பல் பார்க்கக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான், வேலை முடிந்தது. கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. மருமகளாக வந்ததும் ஆக்னஸ் முதல் வேலையாகச் சிங்க்குக்கு அடியில் ஒரு கதவு வைத்துப் பூட்டுப் போட்டாள். பூட்டு கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாக டெரன்ஸ் சமீபகாலமாகச் சொல்லிவருகிறார்.

நீங்கள் இதைப் படித்துச் சிரித்திருக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. மெஷின் உறுமிவிட்டு நின்றது என்று வந்த இடத்தில், 'அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்குமே, முதலில் அதையல்லவா அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும்' என்று உங்கள் மனசுக்குள் ஓடியதா? உங்கள் வீட்டில் அப்படியொரு மெஷினே இல்லாதபோதும்?

அப்படியானால் எழுந்துபோய், ரிப்பேர் பார்க்கிற ஆள் யாருடைய எண்ணாவது இருக்கிறதா என்று வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இருக்கும். வேறு பெயரில் சேமித்து வைத்திருப்பார்.