பன்னிரண்டு குளுசைகளும் ஒரு கோல் கீப்பரும்

வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரால் பெரிய கேடு வராது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்து யோசிப்பார். நான் யோசித்தவன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். எங்களுடையது மயிலிட்டியில் கடலுக்குப் போகிற குடும்பம். அதில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே பெறுபேறு வருவதற்கு முன்பே அம்மா என்னை டொக்டர் ஆக்கிவிட்டார். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வயிற்றோட்டம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (நானும் போவேன். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.)

தம்பி கஜனுக்குப் பதினாறு வயது. ஊர்ப் பெடியங்களின் உதைபந்தாட்ட அணிக்கு அவன்தான் கோல் கீப்பர். இறுதியாட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் பிடித்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாத தொண்டை நோ. கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டி, கண்மடல்கள் ஊதி, காலையில் எழும்பினால் யாரோ புதுப் பெடியன் வீட்டில் வந்து படுத்திருப்பதுபோல் இருந்தது.

"அண்ணை, எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டான்.

முதல் நாள் டெங்கு என்றேன். இரண்டாம் நாள் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கூகைக்கட்டு என்றேன். மூன்றாம் நாள் போன் வெளிச்சத்தில் தொண்டைக்குள் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பற்றீரியா என்று தீர்ப்புச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா காட்டுவமோ தம்பி?" என்று என்னைக் கேட்டார் அம்மா.

"தேவையில்லையம்மா. நான் பாக்கிறன்தானே."

இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

அப்பாவுக்கு ஒருமுறை பல்லு வீங்கியபோது டொக்டர் அமொக்சிசிலின் கொடுத்திருந்தார். நோ நின்றதும் அப்பா விழுங்குவதை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். மிச்சம் பன்னிரண்டு குளுசைகள் அலுமாரிக்குள் கிடந்தன. நாளுக்கு மூன்று வீதம் நான்கு நாள். பிரித்துப் பார்த்தபோது மீதியில்லாமல் வந்ததே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. கஜனிடம் விற்றமின் என்று சொன்னேன். அம்மாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை. வருத்தம் மாறின பிறகு சொன்னால் இன்னும் பெரிய டொக்டராக இருப்பேன் என்று எண்ணம்.

குளுசை முடிந்த அடுத்த நாள் காலை, கஜனின் நெஞ்சு, முதுகு, கை எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பூத்திருந்தது. அம்மா சேட்டைத் தூக்கிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மாள் வந்திட்டா."

அம்மை போட்டால் எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாள் விருந்தாளியாக வந்திருக்கிறா. அவ போகும்வரை மரியாதையாக நடக்கவேண்டும். அரை மணித்தியாலத்தில் படலையில் வேப்பிலை தொங்கியது. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, மச்சம் கூடவே கூடாது. கடலிலிருந்து பாரை மீனோடு வந்த அப்பாவை அம்மா வேலிக்கு வெளியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ நிக்கிற வீட்டிலை குளுசை, மருந்து ஒண்டும் கூடாது. கோவிப்பா. கேட்டுதோ?"

"ஓமம்மா," என்றேன். அலுமாரிக்குள் இருந்த வெறும் குளுசை மட்டையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் குழப்பம் தாங்கவில்லை. கொப்புளிப்பான் என்றால் தண்ணீர்க் கொப்புளம் இருக்கவேண்டும். இவனுக்கு ஒன்றுகூட இல்லை. சின்னமுத்து என்றால் சின்ன வயதிலேயே ஊசி போட்டாயிற்று. போனில் தேடினேன். முப்பது நோய்களைக் காட்டியது. அதில் ஒன்றுக்குக் காய்ச்சல், தொண்டை நோ, கழுத்து நெறி, கண் ஊதல், ஓயாத களைப்பு எல்லாம் அப்படியே பொருந்தின. ஆனால் அதற்கு 'முத்த நோய்' என்றும் ஒரு பெயர் போட்டிருந்தது. திரும்பிக் கஜனைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு, தலையணையில் வீணி வடிய, சாரம் கழுத்துவரை ஏறிக் கிடக்க நித்திரை கொண்டிருந்தான். இவனுக்கு வாய்ப்பே இல்லை என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

ஒரு கிழமையில் சிவப்பு மங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து அவனுக்கு வார்த்தார். தண்ணீர் வார்த்தால் அம்மாள் போய்விட்டா என்று கருத்து. போய்விட்டால் வருத்தமும் இல்லை. ஞாயிறு பின்னேரம் இறுதியாட்டம்.

"அவன் இன்னும் நாள் முழுக்கப் படுக்கிறானம்மா," என்றேன்.

"தண்ணி வாத்தாச்சு. பிறகென்ன?" என்றார் அம்மா. நான் அவனுடைய பூட்ஸைத் துடைத்து வைத்தேன்.

ஞாயிறு பகல் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டேன். துறைமுக வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினோம்.

"மெல்ல ஓடண்ணை. விழேக்கை இடப்பக்கம் விலாவுக்குக் கீழை நோகுது. நாலு நாளா அதிலை ஏதோ அடைச்ச மாதிரிக் கிடக்கு."

பரீட்சையில் மண்ணீரலை வலப்பக்கம் வரைந்துவிட்டு வெளியே வந்து அழுதவன் நான். அது இடப்பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் இந்தப் பிறவியில் மறக்கமாட்டேன். சந்தியில் வண்டியைத் திருப்பினேன்.

"அண்ணை, கிறவுண்ட் அந்தப் பக்கம்."

"தெரியும்."

"அப்ப ஏன் இஞ்சாலை போறாய்?"

"தெரியாது."

உண்மையாகவே தெரியாது. மூடிவிட்ட அந்தப் பக்கத்தில், கடைசியில், மண்ணீரல் என்று ஏதோ வாசித்த ஞாபகம் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கஜன் தன் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் அவனைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டதாக மாஸ்டருக்குப் போன் எடுத்தான். மாஸ்டர் என்றால் அவர்களுடைய பயிற்றுநர்.

டொக்டர் இளம் பெண். கஜனின் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் மாஸ்டரும் ஓட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள்.

"அம்மாள் வந்து போனவ, பிள்ளை. வெள்ளிக்கிழமை தண்ணியும் வாத்தாச்சு," என்றார் அம்மா.

"நாலு மணிக்கு மட்ச் டொக்டர். கெதியாப் பாத்து விடுங்கோ," என்றார் மாஸ்டர்.

டொக்டர் கஜனின் கையிலிருந்த மங்கிய சிவப்புத் தடங்களைப் பார்த்தார். "இது போடுறதுக்கு முதல் என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

"ஒரு மருந்தும் இல்லை. வேப்பிலை மட்டும்தான்," என்றார் அம்மா, பெருமையாக.

"விற்றமினும்," என்றான் கஜன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாய் திறக்காவிட்டால் நான் டொக்டராகவே இருப்பேன். இவன் நாலு மணிக்குக் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பான். காற்சட்டைப் பையிலிருந்து வெறும் மட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது விற்றமின் இல்லை. அப்பாவின்ரை பல்லுக்குக் குடுத்தது."

டொக்டர் மட்டையை வாசித்தார். "எத்தினை?"

"பன்னிரண்டு."

அம்மா என்னை அடிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த வேப்பிலைக் கொத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அதுவே போதுமாயிருந்தது.

டொக்டர் கஜனைப் படுக்கவைத்து இடப்பக்க வயிற்றை மெதுவாக அழுத்தினார். அவன் நெளிந்தான். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இது கிளான்டுலர் ஃபீவர். (நான் போனில் மூடிவிட்ட 'முத்த நோய்' இதுதான்.) வைரஸ் வருத்தம், பற்றீரியா இல்லை; அமொக்சிசிலினால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த வருத்தக்காரருக்கு அதைக் கொடுத்தால் இப்படித்தான் சிவப்பாகப் போடும். இனி எந்த டொக்டரிடம் போனாலும் இதைச் சொல்லவேண்டும். நோவுக்கு உடல் நிறைக்கேற்ற அளவு பரசிற்றமோல், நிறையத் தண்ணீர், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, நல்ல ஓய்வு. அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. களைப்புக் கிழமைக் கணக்கில் இருக்கும். அது சோம்பல் இல்லை.

"மண்ணீரல் வீங்கியிருக்கு. ஒரு மாசத்துக்குப் பந்து விளையாட்டு இல்லை. பிறகும் நான் பாத்துச் சொன்னால்தான்."

"இவன் ஓடுறவன் இல்லை டொக்டர். கோல் கீப்பர். சும்மா நிக்கிறவன்," என்றார் மாஸ்டர்.

"பந்து வந்து வயித்திலை அடிச்சால்?"

"அதுக்குத்தானே இவனை வைச்சிருக்கிறம்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "வீங்கின மண்ணீரல் வெடிச்சால் உள்ளுக்கை இரத்தம் போகும். பிள்ளை உயிரோடை இருக்கமாட்டான். திடீரெண்டு இடப்பக்கம் கடுமையா நொந்தாலோ, மூச்சுவிட, விழுங்க ஏலாமல் போனாலோ ஒரு நிமிசமும் யோசிக்காமல் இஞ்சை கொண்டு வாங்கோ." 'யோசிக்காமல்' என்றபோது என்னைப் பார்த்தார்.

மாஸ்டர் அதற்குப் பிறகு நேரம் பார்க்கவில்லை.

"என்னெண்டு பிள்ளை உது தொத்தினது?" என்று அம்மா கேட்டார்.

"எச்சிலாலை. ஒரு கோப்பையிலை, ஒரு போத்தலிலை வாய் வைச்சுக் குடிச்சாலே போதும்."

"என்ரை பிள்ளை அண்ணாந்துதான் குடிக்கிறவன்."

அணியில் பதினொரு பேரும் வாய் வைக்கிற, கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மாஸ்டர் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அன்று எங்கள் ஊர் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றது. கஜன் இரண்டு மாதம் கழித்து, டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சரி என்ற பிறகு, மறுபடி கோல் காத்தான். எனக்குப் பெறுபேறு வந்து, மருத்துவம் கிடைக்காமல், இப்போது பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிறேன். நாட்டுக்கு நல்லது.

அம்மா மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. "அம்மாள் வந்தவதான். உவன் அவவுக்குக் குளுசை குடுத்துக் கலைச்சுப் போட்டான்," என்கிறார். மன்னிப்புக்காக அன்றே என் பெயரில் ஒரு நேர்த்தி வைத்துவிட்டார். வருடா வருடம் திருவிழாவில் அம்மன் கோவில் வீதியைச் சுற்றி நான் உருண்டு பிரதட்டை செய்கிறேன். பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவது கஜன். போன வருடம் தெற்கு வீதியில் உருளும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் எனக்கு என்ன நேர்த்தி என்று கேட்டது காதில் விழுந்தது. நான் வாயில் மண்ணோடு பதில் சொல்ல முதல், கஜன் சொன்னான்:

"அம்மாளுக்கே அன்ரிபயோற்றிக் குடுத்தவர் அக்கா. பன்னிரண்டு."