ஓய்வெடுக்கும் கரடி பற்றி அக்காவுக்கு

அன்பிலும் வயதிலும் மூத்த அக்காவுக்கு, பொம்மைக் கம்பெனித் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் உன் மூச்சுப் பயிற்சி வகுப்பும் சௌக்கியமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விசாரித்துக்கொண்டிருக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. வந்துவிட்டது, அக்கா. நீ சொன்ன மாதிரியே வந்துவிட்டது.

சனிக்கிழமைக்குள் புதிதாக ஒரு சாவி பொம்மை கொண்டுவராவிட்டால், வரைமேஜையிலிருந்து தூக்கிப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொன்னதைப் போன கடிதத்தில் அழுதிருந்தேன் அல்லவா. பதினெட்டு வருஷம் தவளை, ரயில், கொட்டடிக்கும் குரங்கு என்று யோசித்த மண்டை, மூன்று மாதமாகக் காலி டப்பா. அதற்கு நீ, மனசையும் உடம்பையும் தளரவிடு, கால் விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக விடு, கற்பனை தானாக ஊறும் என்று எழுதினாய். போன விடுமுறையில் நீ எங்களுக்குப் படுத்துச் செய்து காட்டியபோது, வாசல் மணி அடித்ததும் துள்ளி எழுந்து ஓடிக் கதவில் முட்டிக்கொண்டது ஞாபகம் வரத்தான் செய்தது. வேறு வழி? நானும் படுத்தேன்.

வீட்டில் படுத்தால், கணுக்கால் தளர்வதற்குள் என் மகள் குட்டி என் வயிற்றின் மேல் மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிவிட்டாள். மூச்சு விட்டால் கோபுரம் சரியும், அவள் கத்துவாள், ஆகவே மூச்சே விடாமல் கிடந்தேன், இதில் எங்கே தளர்வது. சரி, கம்பெனியே மேல் என்று மத்தியான இடைவேளையில் வரைமேஜைக்கு அடியில் போய்ப் படுத்தேன். முட்டி தளர்ந்தது, இடுப்பு தளர்ந்தது, கழுத்து வரை வந்துவிட்டேன், அப்போது பார்த்து அச்சு வெட்டுகிறவர் உள்ளே வந்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டது மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு பாதம்தான். ஆளைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா மனுஷன்? அவர் போட்ட சத்தத்தில் பிரிவே கூடிவிட்டது. பிரஷ் கழுவும் வாளியை அப்படியே என் முகத்தில் கவிழ்த்தார்கள். இன்னும் என் இடது காது பச்சைதான். ஆனால் அந்த அமளியில் யார் கையோ பட்டு மேஜை மேல் ஒரு பழைய தகரத் தவளை ஓடி, சாவி தீர்ந்து, டிக்... டிக்... என்று தளர்ந்து நின்றது பார், எனக்குப் பொறி தட்டியது.

கரடி, அக்கா. சாவி கொடுத்தால் நடக்கும். அப்புறம் நின்று, உட்கார்ந்து, காது தளரும், கை தளரும், தலை சாயும், கண் மூடும், வயிறு ஒரு தடவை ஏறி இறங்கும், படுத்துவிடும். நீ எழுதின வரிசை அப்படியே. செய்த பாவத்துக்கு அச்சுக்காரரும் கூடவே உட்கார்ந்தார், இரண்டே நாளில் மாதிரி தயார். கொண்டுபோய் வைத்தபோது முதலாளி போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். கரடி படுத்ததும் போனை வைத்துவிட்டார். ஆறு தடவை சாவி கொடுக்கச் சொன்னார், ஆறாவது தடவை அவர் தோளும் சேர்ந்து இறங்கியது.

“நீ உன் மேஜையிலேயே இருய்யா,” என்றார். “வழக்கப்படி ஒரு குழந்தைகிட்ட காட்டிடு. சிரிச்சா அச்சுக்குப் போகட்டும்.”

குழந்தை சிரிக்காமல் எந்தப் பொம்மையும் எங்கள் கம்பெனியில் அச்சு ஏறாது. அதற்கென்ன, கரடியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன், குட்டி நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், வெறும் சடங்குதான். கண் கலங்குகிறது அக்கா, நீ என் தெய்வம். அத்தானுக்கு வணக்கம். உன் வகுப்பில் படிப்பவர்களுக்கு ஆசிகள், என்னைவிட மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வணக்கம்.

இப்படிக்கு,
சாந்தமே உருவான உன் தம்பி

பி.கு.: மணி ஐந்து. குட்டி பார்த்தாள். கரடி படுத்தது. “அப்பா, கரடி செத்துப்போச்சு,” என்று ஒரே அழுகை. இல்லைடா, ஓய்வெடுக்குது என்றால், “அப்ப நீ ஏன் எழுப்பல?” என்கிறாள். செருப்புப் பெட்டியில் வைத்து மூடியும் விட்டாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, பெட்டி கட்டும் பிரிவு கண் முன்னால் நிற்கிறது, இவள் வேறு என்னென்னவோ கேட்கிறாள். கரடியைப் பிடுங்கி, வயிற்றைத் திறந்து, சக்கரத்தை எல்லாம் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். இப்போது கரடி சாந்தமாகப் படுத்திருக்கிறது, ஒரு மூச்சு விடுகிறது, திடீரென்று துள்ளி எழுந்து ஓடிக் கதவில் முட்டிக்கொள்கிறது. குட்டிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. நிதானமாக இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது, இதை உன் வகுப்பில் சொல்லிவிடாதே. பொம்மைக்குப் பேரும் அவளே வைத்துவிட்டாள், முதலாளியும் போனிலேயே சம்மதித்துவிட்டார், இனி மாற்ற முடியாது, கோபித்துக்கொள்ளாதே: ‘அத்தை’.