காதில் ஊறும் ஜப்பானியம்

மொழி கற்பவர்களில் ஊறல் மாணவர் என்றொரு இனம் உண்டு. ஜப்பானில் எங்களைப் போல் பிழைக்க வந்தவர்கள் தங்கும் எந்த விடுதியிலும் ஒருவராவது அகப்படுவார். பாடப்புத்தகம், மனப்பாடம், கடைக்காரரிடம் தப்பும் தவறுமாகப் பேசி அசடு வழிவது, இதெல்லாம் சாமானியர்களுக்கு. இவர் காதில் கருவியைச் செருகிக்கொண்டு, பல் துலக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும், ஏன், குறட்டை விடும்போதும்கூட ஜப்பானிய நாடகங்களை ஓடவிட்டபடியே இருப்பார். கவனிக்க மாட்டார். ஊறுவதற்கு அரிசி பாடுபடுகிறதா என்ன?

எங்கள் விடுதியில் அந்தப் பெருமை ரொடெலுக்கு. பிலிப்பைன்ஸில் செபூ தீவிலிருந்து வந்தவன், டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை. மூன்று வருடமாக ஊறுகிறான்.

"ஏதாவது புரியுதாடா?"

"புரியணும்னு யாரு சொன்னா? உள்ள இறங்கிட்டே இருக்கு மச்சான். ஒருநாள் தானா வெளிய கொட்டும்."

ஒன்றுமே இறங்கவில்லை என்று சொன்னால் பாவம். இந்த ஊரில் எதிராளி பேசப் பேச "ஹை, ஹை" என்று உம் கொட்டித் தலையாட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் அர்த்தம், சரி என்றும் அர்த்தம். அந்த ஆட்டம் ரொடெலுக்கு அச்சுப் பிசகாமல் வந்துவிட்டது. கேட்பது மட்டும்தான் வரவில்லை.

இவ்வளவு தவமும் சிஹாருவுக்காக. ரொட்டிக்கு உறை போடும் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவள். அவளுக்கு ஜப்பானியம் தவிர வேறு மொழி தெரியாது. முழுசாக ஊறிய பிறகே அவளிடம் வாய் திறப்பது என்று பயல் சபதம் எடுத்திருந்தான்.

ஆகஸ்டில் ஒரு மதியம் அவளே வாய் திறந்தாள். எதிர் வரிசையிலிருந்த என் காதிலும் விழுந்தது.

"ரொடெல், சனிக்கிழம ஆத்தங்கரையில வாணவேடிக்கை. என்கூட வர்றியா? ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்."

அவள் உதடு அசைந்த இடத்திலெல்லாம் ரொடெல் "ஹை, ஹை" என்று தலையாட்டினான். அவள் முகம் சிவந்துவிட்டது. ரொட்டியில் முடி விழாமலிருக்க நாங்கள் போடும் தொப்பி காதையும் மூடிவிடும். உள்ளே நாடகம் ஓடுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. அதிர்ஷ்டக்காரன் என்று வயிறெரிந்தேன்.

சனிக்கிழமை வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் சிஹாரு, விழாவுக்கென்று கட்டும் பூப்போட்ட பருத்திக் கிமோனோவில், தனியாக நின்றுகொண்டிருந்தாள். விடுதிக்கு ஓடினேன். ரொடெல் காதில் கருவியோடு முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். கருவியைப் பிடுங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கிட்டயா பேசினா? எப்போ?"

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினான். அவள் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை சிஹாரு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. புன்னகையோடுதான் கேட்டாள்.

"ரொடெல் சார், உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அந்தத் தட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கிறீங்களா?"

வா, போ என்றவள் மரியாதைக்கு மாறுவதைவிடப் பெரிய அடி இங்கே கிடையாது. மூன்று வருடத்தில் முதன்முறையாக ரொடெலுக்கு ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஜப்பானியம் தேவையில்லை, சரி. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு பக்கத்திலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் அழகாக உம் கொட்டினீர்கள். எதற்கு என்று எழுந்து போய் விசாரித்துவிடுங்கள்.